படம் எடுக்கலாம், முகம் மட்டும் வேண்டாமே!

பெண்ணோ பிள்ளையோ நியூஜெர்ஸியிலோ பிலடெல்பியாவிலோ குடித்தனம் நடத்தினால், பிரசவத்துக்கு உதவியாகப் போகிற அம்மாவை ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டுவார்கள் இல்லையா? அப்படிக் கூட்டிப் போகிற இடங்களில் ஒன்று பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர். பிலடெல்பியாவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே கார் போகிற சாலையிலேயே குதிரை வண்டி டக்டக்கென்று போகும். வைக்கோல் தொப்பி போட்ட ஆண்கள் கோவேறு கழுதைகளைப் பூட்டி உழுவார்கள். வெள்ளைக் குல்லாயும் ஏப்ரனுமாகப் பெண்கள் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்வார்கள். பார்த்த மாத்திரத்தில் நம் கை தானாகவே செல்போனைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். அதைப் பற்றித்தான் இந்தத் தடவை பேசப் போகிறோம்.

அவர்கள் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். 1693 வாக்கில் ஸ்விட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மான் என்பவரைப் பின்பற்றித் தனியே பிரிந்தவர்கள். அவர் பெயரிலிருந்துதான் ஆமிஷ் என்ற பெயரே வந்தது. மதக் கொடுமைகளிலிருந்து தப்பி, 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்கு வந்து குடியேறினார்கள். இன்று வட அமெரிக்காவில் மூன்றரை லட்சம் பேருக்கும் மேல் இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது ஒரு வகை ஜெர்மன். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் மின்சாரம் இழுப்பதில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, விவரம் தெரிந்த பிறகு தானே விரும்பிப் பெற்றால்தான் சபையில் சேர்த்தி.

போட்டோவுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, பைபிளின் பத்துக் கட்டளைகளில் உருவங்களைச் செய்யக் கூடாது என்று ஒரு கட்டளை இருக்கிறது. இரண்டாவது, கர்வம். அவர்கள் பாஷையில் 'ஹோக்மூட்' என்றால் கர்வம், 'டெமூட்' என்றால் பணிவு. தன்னை மட்டும் எடுப்பாகக் காட்டிக்கொண்டு நிற்பது கர்வத்தில் சேர்ந்தது. குழந்தைக்குத் தைத்துக் கொடுக்கிற துணிப் பொம்மைக்குக்கூடப் பழைய வழக்கப்படி கண், மூக்கு, வாய் வைப்பதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

"ஒரே ஒரு போட்டோதானே, அதனால என்ன குறைஞ்சு போச்சு?" என்று கேட்கத் தோன்றும். லங்காஸ்டருக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கில் ஜனங்கள் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். கொல்லையில் துணி உலர்த்துகிற ஒரு தாயாருக்கு நாம் முதல் ஆள் இல்லை. அன்றைக்கே நாற்பதாவது ஆளாகக்கூட இருப்போம். அவள் தன் வீட்டில், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். நம் வீட்டு வாசலில் நாம் கோலம் போடும்போது முன்பின் தெரியாதவர் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நம்மையும் இடுப்புக் குழந்தையையும் படம் பிடித்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அவளுக்கு அந்தக் கூச்சத்தோடு மதக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது.

எல்லா ஆமிஷ் சபையும் ஒரே மாதிரி இல்லை என்பதும் உண்மை. 'போஸ்' கொடுத்து நிற்பதுதான் தப்பு, தூரத்தில் யாராவது எடுத்தால் போகட்டும் என்று விடுகிறவர்கள் உண்டு. குழந்தைகள் இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர்கள் என்பதால் ஆட்சேபிக்காத பெற்றோரும் உண்டு. ஆனால் அது அவர்களாகப் பார்த்துக் கொடுக்க வேண்டிய சலுகை. நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கையால் மறைத்தாலோ அதுவே பதில். போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான்.

சரி, அப்படியானால் வெறுங்கையோடு திரும்புவதா? வேண்டியதில்லை. முகமே இல்லாமல் அங்கே எடுக்க எத்தனையோ இருக்கிறது:

துணிக்கொடி. வீட்டிலிருந்து களஞ்சியத்தின் உச்சி வரை கப்பி வைத்து உயரக் கொடி கட்டியிருப்பார்கள். பொதுவாகத் திங்கட்கிழமைதான் அவர்களுக்குத் துவைக்கிற நாள். பூப்போட்ட துணி ஒன்றுகூட இருக்காது. நீலம், ஊதா, பச்சை, கறுப்பு என்று ஒரே வண்ணத் துணிகள். அப்பாவின் கால்சட்டையிலிருந்து கைக்குழந்தையின் கவுன் வரை காற்றில் ஆடுவதைப் பார்த்தாலே அந்த வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு குடும்பத்தலைவிக்குப் புரிந்துவிடும். இதைச் சாலையில் நின்றபடியே எடுங்கள். வேலிக்குள் நுழையாதீர்கள்.

குதிரை வண்டி. லங்காஸ்டரில் வண்டிக் கூண்டு சாம்பல் நிறம், ஒஹையோவில் கறுப்பு. வண்டி நம்மைத் தாண்டிப் போனபின், பின்னாலிருந்து எடுத்தால் சாலையும் வயலும் சேர்ந்து விழும், முகமும் விழாது. அதற்காகக் காரை நடுச்சாலையில் நிறுத்துவதோ, ஹாரன் அடிப்பதோ ஆபத்து. குதிரை மிரண்டால் உள்ளே இருக்கிற குழந்தைகளுக்குத்தான் கஷ்டம்.

நிலம். மக்காச்சோளம், குதிரைமசால், புகையிலை என்று பட்டை பட்டையாகப் பயிர். கோடை முடிகிறபோது புகையிலையை வெட்டி, பக்கப் பலகைகளைத் திறந்துவிட்ட கொட்டகைக்குள் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். தீவன கோபுரங்கள், தண்ணீர் இறைக்கும் காற்றாடிகள், மரக் கூரை போட்ட பழைய பாலங்கள் எல்லாம் உண்டு. உச்சி வெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும். விடிகாலையில் வயல்மேல் பனி நிற்கும்போது, அல்லது சூரியன் சாய்ந்து நிழல் நீளும்போது எடுத்துப் பாருங்கள்; உழுத சால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். வயலில் வேலை இராது, கடையும் திறக்காது. வீட்டில் ஜபக் கூட்டம் நடந்தால் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

வெளியுலகத்தின் கேமரா அவர்களைத் துரத்துவது புதிதில்லை. 1985-இல் வெளியான, ஹாரிசன் ஃபோர்ட் நடித்த 'விட்னஸ்' படத்தை லங்காஸ்டரில்தான் எடுத்தார்கள். ஆமிஷ் பெரியவர்கள் ஆட்சேபித்தும் படம் வந்தது. 2006 அக்டோபர் 2-ஆம் தேதி நடந்ததோ மனசைப் பிசைகிற சம்பவம். நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில் ஓர் அறைப் பள்ளிக்கூடத்தில் ஒருவன் புகுந்து பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்துபோனார்கள். உலகத்துப் பத்திரிகைக்காரர்களெல்லாம் வந்து குவிந்தார்கள். சவ ஊர்வலமாகப் போன குதிரை வண்டிகளின் வரிசையைத் தூரத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தே ஊர் உலகம் அழுதது. பெற்ற மனசு எப்படித் தவித்திருக்கும் என்று சொல்ல ஒரு தாயின் முகத்தை அருகில் போய்ப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. சுட்டவனையும் அவர்கள் மன்னித்தார்கள். அவன் மனைவிக்குப் போய் ஆறுதல் சொன்னார்கள். பத்தே நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்து, அந்த இடத்தைப் புல்வெளியாக விட்டுவிட்டார்கள்.

"போட்டோவே இல்லாமல் குழந்தை வளர்ந்ததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?" இளம் தாய்மார்களுக்கு இந்தக் கேள்வி வரும். குடும்ப பைபிளில் பிறந்த தேதிகளை எழுதி வைக்கிறார்கள். வம்சாவளியைப் புத்தகமாகப் போடுகிறார்கள். அம்மாவும் பாட்டியும் தைத்துக் கொடுத்த ஒட்டுத்துணிப் போர்வை தலைமுறைக்கும் இருக்கும். ஒஹையோவில் 1890-இல் தொடங்கிய 'தி பட்ஜெட்' என்ற வாரப் பத்திரிகையில் ஊர் ஊராகக் கடிதம் எழுதுகிறார்கள்: எங்கள் பக்கம் மழை, இன்னார் வீட்டில் குழந்தை பிறந்தது, இன்னார் பார்க்க வந்தார்கள் என்று. எழுதுகிறவர்களில் பெண்களும் உண்டு.

அதற்காக நம் வீட்டு ஆல்பத்தை மூட்டை கட்டச் சொல்லவில்லை. குழந்தையின் முதல் சிரிப்பை நாம் படம் எடுத்து வைத்துக்கொள்வோம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் எடுப்பது வேறு, ஊருக்கெல்லாம் அனுப்புவது வேறு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிற படம், அழுது புரளுகிற படம், காய்ச்சலில் படுத்திருக்கிற படம் இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் நூறு பேருக்குப் போடுமுன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். போட்ட படம் யார் கைக்குப் போகும் என்பது நம் வசத்தில் இல்லை. ஏழெட்டு வயசுக் குழந்தை "வேண்டாம்மா, இதை யாருக்கும் அனுப்பாதே" என்று சொன்னால், "நீ சும்மா இரு, உனக்கென்ன தெரியும்" என்று அடக்காமல் அந்தப் பேச்சைக் கேளுங்கள். இன்றைக்கு நாம் அதற்கு மதிப்புக் கொடுத்தால், நாளைக்கு வேறு யாராவது படம் எடுக்க வரும்போது 'வேண்டாம்' என்று சொல்ல அதற்குத் தைரியம் வரும்.