‘வேலை செய்யவில்லை’ என்றொரு முறைப்பாடு

பிரதேச நிருபராக நான் அனுப்பிய முதற் செய்தியை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். “எங்கே, எப்போது, யாருக்கு என்று இல்லாத செய்தி எனக்கு எதற்கு?” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதன்பின் நான் அந்தத் தவறைச் செய்தியில் செய்ததில்லை, கணினியில் செய்தேன்.

2004ஆம் ஆண்டின் நடுப்பகுதி. கல்முனையில் நண்பரொருவரின் கடையில், தன்னார்வலர்கள் இலவசமாகத் தந்த யூனிகோட் தட்டச்சு மென்பொருளொன்றை நிறுவிப் பார்த்தோம். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நின்றன. “உங்கள் மென்பொருள் வேலை செய்யவில்லை” என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். எந்த விண்டோஸ், எந்த உலாவி, எதை அடித்தீர்கள், என்ன தெரிந்தது என்று நான்கு கேள்விகள் மறுநாளே வந்தன. என் ஆசிரியர் கேட்ட அதே கேள்விகள்! நான் பதில் எழுதவில்லை. பாமினிக்கே திரும்பினேன்.

குற்றம் அந்த மென்பொருளுடையதன்று என்பது பின்னரே புரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து நிற்க வேண்டுமானால், அதற்குரிய மொழி ஆதரவை முதலில் தெரிவுசெய்து, விண்டோஸ் இறுவட்டையும் உள்ளிட வேண்டும். கடையில் இறுவட்டு இல்லை. இதை நான் எழுதியிருந்தால், இறுவட்டு இல்லாத ஊர்களும் உலகில் உண்டு என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இ-கலப்பை போன்றவற்றை ஆக்கியோர் ஊதியமின்றி இரவில் உழைத்தவர்கள். அவர்களிடம் எல்லாக் கணினிகளும் இருக்கவில்லை. சோதனைக் கூடம் என்பது நம் மேசைதான். பயர்பாக்ஸின் பழைய பதிப்புகளில், இருபுறமும் சீராக அடுக்கிய பத்திகளில் தமிழ் சிதறித் தெரிந்தது நினைவிருக்கிறதா? 2008இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அந்தத் தொல்லை போயிற்று. யாரோ சிலர் பொறுமையாக விவரம் எழுதியிருக்கிறார்கள். நிச்சயமாக நானில்லை.

பத்திரிகைக்காரர்களுக்குச் சாட்டுச் சொல்ல இடமுண்டு. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் கடைசிவரை தெரியாது. பக்கம் அமைக்கப் பாமினியே கைகொடுத்தது. ஆனால் பாமினியில் ஒரு வினோதம். ஜ, ஸ என்பன சதுர அடைப்புக்குறிகளின் இடத்திலும், ஷ பின்சாய்கோட்டின் இடத்திலும் அமர்ந்திருக்கும். எங்கள் கரையோர ஊர்களில் பெரும்பாலான பெயர்களுக்கு இந்த எழுத்துகள் வேண்டும். பின்சாய்கோட்டைக் கட்டளைக் குறியாக எண்ணி விழுங்கிவிடும் தரவுத்தளங்கள் உண்டு. அதனூடாகப் போய் வந்தால் அஷ்ரபின் ‘ஷ’ உதிர்ந்து, புள்ளி மட்டும் அநாதையாக நிற்கும்.

இன்னொன்று. 2005இல் யூனிகோட்டின் 4.1 பதிப்பில் ‘ஶ’ தனியெழுத்தாகச் சேர்ந்தபின், ‘ஸ்ரீ’ என்பதை இருவிதமாக எழுதலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடுபொறிக்கு அல்ல. அஷ்ரப் தோற்றுவித்த கட்சியின் பெயரே ‘ஸ்ரீ’யில் தொடங்குகிறது. பாதிச் செய்திகள் தேடலில் அகப்படாதிருந்தால் யாரைக் கேட்பது?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு பழைய வன்தட்டு. 2004 டிசெம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என ஊரூராக நாங்கள் சேகரித்த பெயர்ப்பட்டியல்கள் அதில் பாமினியில் கிடந்தன. சென்ற மாதம் அவற்றை மாற்றியொன்றில் இட்டேன். ஜமீலாவும் ஸித்தியும் சரியாக வந்தார்கள். ஷரீபாக்களும் ஆயிஷாக்களும் முதலெழுத்தோ நடுவெழுத்தோ இழந்து வந்தார்கள்.

இம்முறை ஒற்றை வரி எழுதவில்லை. விண்டோஸ் பதிப்பு, உலாவி, மூலக் கோப்பின் நான்கு வரிகள், வரவேண்டியது என்ன, வந்தது என்ன என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் திருத்திய பதிப்பும், “இன்னும் ஏதேனும் பிழை கண்டால் சொல்லுங்கள் ஐயா” என்ற குறிப்பும் வந்தன. சாய்ந்தமருதுப் பட்டியலை இன்றிரவு மீண்டும் இட்டுப் பார்க்கிறேன்.