ஹெப்பாலில் கட்டடம் சொத்து, பிள்ளைகள் செலவு

மைசூரு ஹெப்பாலில் உள்ள இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம் முந்நூறு ஏக்கருக்கும் மேல். ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் தங்கிப் படிக்கலாம். 2025 பிப்ரவரியில் அந்த வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். 2022இல் ஆஃபர் லெட்டர் வாங்கி, இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் வேலையில் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை, ஒப்பந்தத்திலேயே இது இருக்கிறது, இருபது ஆண்டுக்கு மேலாக இதுதான் நடைமுறை என்றது நிறுவனம். ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ், மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. விவாதம் முழுக்கத் தொழிலாளர் சட்டத்தைச் சுற்றியே நடந்தது. கணக்கேட்டை ஒருவரும் புரட்டவில்லை. விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலைகளின்படி கணக்குக் காட்டும் நிறுவனம் இன்ஃபோசிஸ். அத்தரநிலைகளை ஒட்டி எழுதப்பட்ட இந்தியக் கணக்கியல் தரநிலைகள் (இண்ட் ஏஎஸ்), பெரிய இந்திய நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். இந்தக் கட்டுமானம் முழுவதையும் தாங்கும் தூண் ‘கட்டுப்பாடு’ என்ற ஒற்றைச் சொல். கடந்தகால நிகழ்வு ஒன்றால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பொருளாதார வளம்தான் சொத்து. ஹெப்பால் கட்டடம் அப்படிப்பட்டது. ஆகவே அது இருப்புநிலைக் குறிப்பில் ஏறி, ஆண்டுதோறும் தேய்மானம் கண்டு, பல காலம் அங்கேயே நிற்கும். அந்தக் கட்டடத்துக்குள் கொடுக்கும் பயிற்சிக்கு அந்த உரிமை இல்லை. புலனாகாச் சொத்துகளுக்கான 38ஆம் தரநிலை, பயிற்சிக்குச் செலவிட்ட பணத்தை அந்தந்தக் காலத்திலேயே லாப நட்டக் கணக்கில் செலவாக எழுதச் சொல்கிறது. திறமையான ஊழியர்களாலும் பயிற்சியாலும் வரும் எதிர்காலப் பலன் மீது நிறுவனத்துக்குப் பொதுவாகப் போதிய கட்டுப்பாடு இல்லை என்பது அது சொல்லும் காரணம்.

இதன் விளைவைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு கட்டடத்தை இடித்தால், மிச்சமிருக்கும் மதிப்பை நட்டமாக எழுத வேண்டும். இயக்குநர் குழு விளக்கம் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த முந்நூறு பேரை அனுப்பினால் எழுத எதுவும் இல்லை. அவர்கள் ஏட்டில் ஏறவே இல்லை.

கால்பந்து ரசிகர்களுக்கு இது உடனே புரியும். பால் போக்பா பதினாறு வயதில் மான்செஸ்டர் யுனைடெட்டின் இளைஞர் அணியில் சேர்ந்தார். அங்கே ஆட்டம் பழகினார். அந்தச் செலவெல்லாம் செலவாகவே போனது. கிளப்பின் ஏட்டில் அவர் சொத்து இல்லை. 2012இல் ஒப்பந்தம் முடிந்து இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். 2016இல் அதே யுனைடெட் அவரை 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அன்றைக்கு அது உலகச் சாதனை. யுனைடெட்டும் இதே பன்னாட்டுத் தரநிலைகளின்படிதான் கணக்கு எழுதுகிறது. பிறர் வளர்த்த வீரரை விலைக்கு வாங்கினால் அவரது பதிவு உரிமை புலனாகாச் சொத்து. ஒப்பந்தக் காலம் முழுக்கச் சிறுகச் சிறுகக் கழிக்கலாம். அதே மனிதர், அதே கால்கள், அதே கிளப். தானே வளர்த்தபோது சுழியம், விலை கொடுத்தபோது கோடிகள். 2022இல் ஒப்பந்தம் முடிந்து மறுபடி இலவசமாகப் போனார். வளர்ப்பவனைத் தண்டித்து வாங்குபவனை வாழவைக்கும் விதி இது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வீரர் சொத்து அல்ல, பதிவு உரிமைதான் சொத்து என்று ஆடிட்டர்கள் திருத்துவார்கள். சரி, அந்த உரிமை எங்கிருந்து பிறக்கிறது? ஒப்பந்தத்திலிருந்து. நம் ஊரில் ஒப்பந்தமே இல்லையா? 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும், இடையில் போனால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற பாண்ட் செல்லும் என்றது. தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவும், பாதியில் ஆள் போனால் மறுபடி எடுக்கும் செலவும் அங்கே நியாயமாக ஏற்கப்பட்டன. நீதிமன்றத்தில் ‘இவர் எங்களுக்குக் கட்டுப்பட்டவர்’ என்று வாதாட முடிகிறது. இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் ‘இவர் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று எழுத முடிகிறது. ஒரே ஆளைப் பற்றி இரண்டு வாக்குமூலம்! இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க முடியும். சட்டப்படியான உரிமை இருந்தால் திறமையையும் சொத்தாகக் கருத இடமுண்டு என்று 38ஆம் தரநிலையே ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதைத் தட்டிப் பார்க்க நம் ஆடிட்டர்களுக்கு ஏன் மனம் வரவில்லை?

மனிதர்களுக்கு விலை போட்டால் கணக்கு ஊதிப் பெருக்கப்படும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கும்போது, தேர்ந்த பணியாளர் கூட்டத்தின் மதிப்பு குட்வில் என்ற பெயரில் கரைந்து சொத்தாக ஏறுவதை அன்றாடம் அனுமதிப்பவர்கள் இவர்கள். இந்தப் பயத்தை நான் பொருட்படுத்தவில்லை.

இன்ஃபோசிஸுக்கே ஒரு காலத்தில் இது தெரிந்திருந்தது. ஊழியர்களின் எதிர்கால வருமானத்தைக் கணக்கிட்டு, மனிதவள மதிப்பு என்று ஆண்டறிக்கையில் கூடுதல் தகவலாக வெளியிட்ட நிறுவனம் அது. எங்கள் சொத்து ஒவ்வொரு மாலையும் வாசலைத் தாண்டிப் போகிறது, காலையில் திரும்ப வரவேண்டும் என்ற பொருளில் பேசியவர், இதே மைசூருவில் என்ஐஇ கல்லூரியில் படித்த, இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி. பிப்ரவரியில் வாசலைத் தாண்டியவர்கள் திரும்ப வரவில்லை. அவர்களுடைய பயிற்சிச் செலவு ஏட்டில் சொத்தாக நின்றிருந்தால், தேறாதவர்களுக்கு நான்காவது வாய்ப்பும் ஐந்தாவது வாய்ப்பும் கிடைத்திருக்கும். அப்படி ஒரு வெளியேற்றமே நடந்திருக்காது.

லண்டனில் உள்ள பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை வாரியம் 2024 ஏப்ரலில் 38ஆம் தரநிலையை முழுமையாக மறுஆய்வு செய்யும் பணியைத் தொடங்கியது. அதை எழுதிய 1998இல் இந்த வளாகம் இல்லை. அந்த மறுஆய்வில் பேச வேண்டிய முதல் குரல் இந்தியாவுடையது. இவ்வளவு இளைஞர்களை ஒரே வளாகத்தில் பயிற்றுவிக்கும் ஊர் வேறு எங்கே? பட்டயக் கணக்காளர் கழகமும் தேசிய நிதி அறிக்கை ஆணையமும் அதற்கு முன்பே இங்கு செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குப் பயிற்சிச் செலவு எவ்வளவு, பயிற்சி முடியுமுன் அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், அவர்களுக்காக ஆன செலவு எவ்வளவு என்று மூன்று எண்களை ஆண்டறிக்கைக் குறிப்பில் தனியே காட்டச் சொல்லட்டும். அடுத்த நிதியாண்டு அறிக்கையிலேயே அவை வரவேண்டும்.