வளரும் முகத்துக்கு என்ன அவசரம்?
கந்தப்பளைக் கடைவீதியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் வெள்ளையாக்கும் கிரீம் டப்பாக்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது. சில டப்பாக்களில் தயாரித்தவர் பெயர்கூட இருப்பதில்லை. பாதரசம் கலந்த அழகுசாதனங்களைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017இலேயே இணைந்துவிட்டது. ஆனால் அந்தப் பாதரசம் தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இந்தப் பிள்ளைகளிடம் யார் உட்கார்ந்து பேசினார்கள்? கறுப்பு ஒரு குறையும் அல்ல. கந்தப்பளை போல 6,000 அடிக்கு மேல் உள்ள ஊரில் வெயில் கடுமையாகச் சுடும். மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவின் தோலை அந்த வெயிலிலிருந்து காப்பதே அவளுடைய கறுப்புதான். பருவும் குறையல்ல, வளரும் வயதில் ஓமோன்கள் எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுவதால் வருவது, பெரும்பாலும் வயதோடு தணிவது. எனக்கு அதைவிட வலிப்பது உயரத்தைப் பற்றிய வெட்கம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. அன்று லயத்தில் தவழ்ந்தவர்கள்தான் இன்று கண்ணாடி முன் நின்று தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். குறை அவர்கள் உடம்பில் இல்லை. தட்டில் முட்டையும் பருப்பும் போதாமல் போனதில், அம்மாவின் கூலி போதாமல் போனதில் இருக்கிறது. பிள்ளைகளே, உங்கள் முகம் இன்னும் வளர்ந்து முடியவில்லை. அதற்குள் தீர்ப்பு எழுதாதீர்கள். பெரியவர்களே, "கறுப்பி", "கட்டையன்" என்று கூப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள்.