நெறி ஒன்று; மொழி அவரவர்க்கு!

கல்லணையில் நிற்பார் கண்முன்னே நீர், காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிந்து செல்கின்றது. நீர் குறைந்த ஆண்டுகளில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் முறைவைத்து மாற்றி மாற்றித் திறந்துவிடுவது தஞ்சை உழவர் அறிந்ததே. முறை மாறிய செய்தி ஓர் ஊருக்கு எட்டவில்லையெனில் என்னாகும்? அவ்வூரார் மடையை அடையாது விட்டிருப்பர். கடைமடையில் நாற்றங்கால் காயும். ஒருவர் முறையை அறியாதிருத்தல் அவர்க்கு மட்டும் இழப்பன்று, அனைவர்க்கும் இழப்பாம். இதனை நெஞ்சில் இருத்தி மேலே படிக்க வேண்டுகின்றோம்.

கணிப்பொறித் துறையிலும் இத்தகைய முறைவைப்பு உண்டு. ஒரே பணியைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்து செய்யும்பொழுது, அவற்றுள் தலைமை எதற்கு, பூட்டு இப்பொழுது எதன் கையில், பொதுக்குறிப்பு மாறிற்றா என்பனவற்றை உரைக்க ஒரு நடுவர் வேண்டும். அந்நடுவரை ஒருங்கிணைப்பு வழங்கி என்போம். அதுவும் தனிப்பொறியன்று. பெரும்பாலும் ஐந்து பொறிகள் கூடி, மூன்று ஒப்பின் முடிவு எனக் கொள்ளும் ஊரவை போன்றது. கூகுள் நிறுவனத்தார் 2006-இல் விளக்கி வெளியிட்ட சப்பி, யாகூவில் தோன்றிய சூக்கீப்பர், 2013-இல் வந்த எட்சிடி ஆகியன இவ்வகையின.

இவற்றிடம் முறை கேட்டு வரும் நிரல்களோ பல்வேறு நிரல்மொழிகளில் எழுதப்பட்டவை. சிக்கல் இங்கேதான் எழுகின்றது. கேட்பதும் பெறுவதும் மட்டுமே கேட்கும் நிரலின் வேலை அன்று. 'யான் உளேன்' என்று இடைவிடாது அறிவித்தல் வேண்டும். மாற்றச் செய்தி வந்தவுடன் உணர்தல் வேண்டும். தொடர்பு அறுந்தால் தன் பூட்டும் போயிற்று என்று தெளிதல் வேண்டும். இதனைப் பிழைபட எழுதினால், பூட்டு தன்னிடமே உள்ளதென்று நம்பி இரு பொறிகள் ஒரே வேலையில் கைவைக்கும். மடை அடையாத ஊரின் கதையே இது!

சப்பியைச் சி பிளசு பிளசு மொழியில் ஆக்கினர். அதனோடு பேசும் இணைப்புத் தொகுதி ஏறத்தாழ 7000 வரி. வழங்கிக்கு ஒப்பான பருமன் உடையது. சாவா மொழியார் வந்தபொழுது அதனை அம்மொழியிலும் எழுதிக் காப்பது பெருஞ்செலவு என்று கருதி, இடையே ஒரு மொழிபெயர்ப்பு வழங்கியை நிறுத்தினர். சாவா நிரல் நடுவரோடு நேரே பேசுதற்கில்லை. இடைநிற்பான் வழியே பேசியது. சூக்கீப்பரை ஆக்கியோர் சாவாவுக்கும் சி மொழிக்கும் தாமே இணைப்புத் தந்தனர். பைத்தான் முதலிய பிற மொழியார் தம் இணைப்பைத் தாமே எழுதிக்கொண்டனர். எட்சிடியார் ஒருபடி மேலே சென்றனர். வழங்கி கோ என்னும் மொழியில் எழுதப்பட்டதேனும், 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பேச்சின் வடிவத்தை எந்த ஒரு நிரல்மொழிக்கும் உரித்தாகாத பொது வரையறையாக எழுதிவைத்தனர். அவ்வரையறையினின்று ஒவ்வொரு மொழிக்குமான அடிப்படைத் தொகுதியைப் பொறியே ஆக்கித் தரும். வழங்கி எம்மொழியில் பிறந்தது என்பது கேட்பவர்க்குத் தளையாகவில்லை. நெறி ஒன்று; மொழி அவரவர்க்கு!

இனி நம் காவிரிக்கு வருவோம். 1924-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஆங்கிலத்தில் எழுந்தது. 1990-இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பிப்பிரவரி 5-இல் தந்த தீர்ப்பும் ஆங்கிலத்தில்தான். பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் நமக்கு வருதல் வேண்டும் என்று 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச முறைமன்றம் எழுதியதும் ஆங்கிலத்தில்தான். அவ்வாண்டே அமைந்த காவிரி மேலாண்மை ஆணையம் நடுவணரசின் அமைப்பு. நடுவணரசின் அலுவல் மொழிகளோ இந்தியும் ஆங்கிலமும். மேட்டூர் அணை சூன் 12-இல் திறக்கப்படுமா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று ஏங்கும் உழவனுக்கு அம்முடிவு அலுவலர் வாயிலாகவும் நாளிதழ் வாயிலாகவுமே எட்டுகின்றது. இடைநிற்பான் நல்லவனாயின் நன்று. அவன் விட்டதும் திரித்ததும் யாருக்குத் தெரியும்?

"பொதுமொழி ஒன்று போதாதா? மொழிதோறும் தருவது வீண்செலவன்றோ?" என்பர். அன்பர்களே, காவிரிக்குப் பங்காளர் நால்வர்: தமிழ்நாடு, கருநாடகம், கேரளம், புதுச்சேரி. காரைக்கால் உழவன் பேசுவதும் தமிழே. ஆகலின் வேண்டுவன தமிழ், கன்னடம், மலையாளம் என மூன்றே மொழிகள்! செலவு உண்டென்பதை மறுக்கவில்லை. 7000 வரி எழுதுவது எளிதன்று. ஆயினும் அச்செலவை ஏற்க வேண்டியவர் முறை வழங்குவோரே. முறை கேட்டு நிற்போர் அல்லர். நாள், இடம், அளவு, காலம் என ஆணையத்தின் முடிவை ஒரே வரையறையில் அமைத்து, அதனினின்று மும்மொழியிலும் அன்றே, ஒத்த மதிப்புடன் வெளியிடுக என்று கேட்கின்றோம். கன்னட உழவனுக்கும் இவ்வுரிமை உண்டு. அவன் தன் மொழியில் மெய்யை அறிந்தால் நமக்கும் நன்மையே.

கேட்பதோடு நில்லாமல் நாமும் செய்தல் வேண்டும். கணிப்பொறி கற்ற தஞ்சை இளைஞர் எத்துணையர்! இவ்வழங்கிகளின் இயக்கத்தைத் தமிழில் விளக்கி எழுதியோர் எத்துணையர்? 'எழில்' எனத் தமிழ்ச் சொற்களாலேயே எழுதத்தக்க நிரல்மொழி ஒன்று பைத்தானைக் கொண்டு ஆக்கப்பட்டுள்ளது. பொது வரையறை திறந்தே கிடப்பதால், எழிலிலிருந்து எட்சிடியோடு பேசும் இணைப்பை எழுத யாருடைய ஒப்பும் வேண்டியதில்லை. வேண்டுவது உழைப்பு ஒன்றே.

மடை நம் ஊரில் உளது. அதைத் திறக்கும் சொல் பிறர் மொழியில் உளது. இந்நிலை மாறுக! மாற்றுவோம்!