22-ம் நம்பருக்கு மரியாதை... மீதி நாலு பேருக்கு?

2025 பிப்ரவரி 2. அமெரிக்காவின் அயோவா சிட்டியில் உள்ள கார்வர்-ஹாக்ஐ அரங்கம் நிரம்பி வழிந்தது. பலமான யுஎஸ்சி அணியை அயோவா பெண்கள் அணி 76-69 என்று வீழ்த்திய நாள் அது. ஆனால், கூட்டம் வந்தது அந்த ஆட்டத்துக்காக மட்டுமல்ல. கெய்ட்லின் கிளார்க் அணிந்த 22-ம் நம்பர் ஜெர்ஸிக்கு அன்று நிரந்தர ஓய்வு கொடுத்தார்கள்.

ஜனவரி 22-ல் பிறந்தவர் என்பதால், சின்ன வயதிலேயே கிளார்க் தேர்ந்தெடுத்த எண் அது. ஓய்வு கொடுக்கப்பட்ட அன்று அவருக்கு வயது 23 மட்டுமே. கல்லூரியில் கடைசி ஆட்டம் ஆடி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இனி அயோவா பெண்கள் அணியில் யாரும் 22-ஐ அணிய முடியாது. கிளார்க்கைப் பார்த்தே கூடைப்பந்து ஆட வந்த சிறுமிகள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி நாளை அயோவாவில் இடம் பிடித்தால், அவளுக்கும் அந்த எண் கிடைக்காது.

கிளார்க்குக்கு இந்த மரியாதை தகுமா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தகும் என்றுதான் சொல்வார்கள். சண்டை வருவது அடுத்த கேள்வியில். ஒரு கல்லூரியின் சுவரில் யாருடைய ஜெர்ஸி தொங்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? வாங்கிய விருதா, குவித்த புள்ளிகளா, ஜெயித்த கோப்பையா, வாங்கிய பட்டமா?

ஊருக்கு ஊர் ஒரு சட்டம்

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் 'ஆண்டின் சிறந்த வீரர்' விருது ஒன்றல்ல, பல. நைஸ்மித் விருது, உடன் விருது, அசோசியேட்டட் பிரஸ் விருது என்று ஒரே சீசனுக்குப் பல மேடைகள். 2023, 2024 என இரண்டு ஆண்டுகளும் இந்த மூன்றையும் கிளார்க் அள்ளினார்.

இந்த விருதுகளை அப்படியே சுவருக்கான நுழைவுச் சீட்டாக வைத்திருக்கிறது நார்த் கரோலினா பல்கலைக்கழகம். அங்கே ஆண்கள் அணியில் ஒரு எண் ஓய்வு பெற வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஆறு தேசிய விருதுகளில் ஒன்றையாவது அந்த வீரர் வாங்கியிருக்க வேண்டும். மைக்கேல் ஜோர்டானின் 23 அந்த வழியில்தான் சுவருக்குப் போனது. அந்த அளவுக்கு விருது வாங்காத நட்சத்திரங்களின் ஜெர்ஸியும் அரங்கில் தொங்கும். ஆனால், அது 'கௌரவம்' மட்டும். எண் தொடர்ந்து புழக்கத்தில் இருக்கும். வின்ஸ் கார்ட்டரின் 15 அந்த வகை.

பக்கத்திலேயே இருக்கும் பரம எதிரி டியூக் பல்கலைக்கழகத்தின் வழக்கம் வேறு. அங்கே ஆட்டம் மட்டும் போதாது, படிப்பையும் முடித்திருக்க வேண்டும். எல்டன் பிராண்ட் 1999-ல் நாட்டின் சிறந்த வீரர் விருதுகளை வாங்கினார். இரண்டே வருடத்தில் படிப்பைப் பாதியில் விட்டு என்பிஏ-வுக்குப் போனார். அவருடைய ஜெர்ஸிக்கு அந்தச் சுவரில் இடமில்லை. அவருக்குப் பின் வந்த ஜேசன் வில்லியம்ஸோ மூன்றே வருடத்தில் பட்டத்தை முடித்துவிட்டுக் கிளம்பினார். அவருடைய 22 சுவருக்குப் போய்விட்டது.

இண்டியானா பல்கலைக்கழகம் இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. அங்கே கூடைப்பந்தில் எந்த எண்ணுக்கும் ஓய்வு கிடையாது. ஜெர்ஸியின் முதுகில் வீரரின் பெயர்கூட இருக்காது. 1976-ல் 32 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆன அணி அது. அதற்குப் பிறகு ஆண்கள் பிரிவில் இன்றுவரை எந்த அணியும் தோல்வியே இல்லாமல் கோப்பையைத் தொட்டதில்லை. பிற்பாடு உலகப் புகழ் பெற்ற ஐசையா தாமஸின் 11-ம் அங்கே ஓய்வு பெறவில்லை.

விரல் விட்டு எண்ணிய காலம்

எண்களுக்கு ஓய்வு கொடுப்பதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. கல்லூரி கூடைப்பந்தில் நீண்ட காலம் 0 முதல் 5 வரையிலான இலக்கங்களை மட்டும்தான் ஜெர்ஸியில் பயன்படுத்த முடியும். 6, 7, 8, 9 வரவே கூடாது. காரணம் ரொம்ப எளிமையானது. யார் ஃபவுல் செய்தது என்பதை நடுவர் தன் விரல்களைக் காட்டித்தான் ஸ்கோர் மேஜைக்குச் சொல்வார். ஒரு கைக்கு ஐந்து விரல்தானே!

அதனால் ஓர் அணிக்குக் கிடைத்தவை மொத்தம் 36 எண்கள்தான் (0 அல்லது 00, இரண்டில் ஒன்றைத்தான் ஓர் அணி வைத்துக்கொள்ளலாம்). அதில் பத்துப் பன்னிரண்டை நிரந்தரமாகச் சுவரில் ஏற்றிவிட்டால், புதிதாக வரும் பையனுக்கு மிஞ்சுவது என்ன? இதைச் சமாளிக்கத்தான் சில கல்லூரிகள் ஜெர்ஸியைத் தொங்கவிட்டு, எண்ணைப் புழக்கத்தில் வைத்துக்கொண்டன. கன்சாஸ் பல்கலைக்கழகம் இப்படித்தான் செய்கிறது.

2023-ல் விதி மாறியது. இப்போது 99 வரை எந்த எண்ணையும் அணியலாம். எண் பஞ்சம் தீர்ந்துவிட்டது. 'இடம் இல்லை' என்று இனி யாரும் காரணம் சொல்ல முடியாது. அதனால், யாருக்குத் தகுதி என்ற கேள்வி இன்னும் கூர்மையாகியிருக்கிறது.

விருது சொல்லாத கதை

விருதையே அளவுகோலாக வைத்தால் என்ன தப்பு? முதல் தப்பு, விருது பிறப்பதற்கு முன்பே ஆடி முடித்தவர்கள்.

நைஸ்மித் விருது ஆண்களுக்கு 1969-ல் தொடங்கியது. பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது 1983-ல்தான். உடன் விருது ஆண்களுக்கு 1977, பெண்களுக்கு 2004. இந்த இடைவெளியில் ஆடிய பெண்கள் எத்தனை பேர்!

கன்சாஸின் லினெட் உடார்ட் 1978 முதல் 1981 வரை 3,649 புள்ளிகள் குவித்தார். அவர் ஆடிய காலத்தில் பெண்கள் விளையாட்டை என்சிஏஏ நடத்தவில்லை. ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு நடத்தியது. அதனால், அவருடைய சாதனை என்சிஏஏ ரெக்கார்டு புத்தகத்தில் ஏறவில்லை. 1981-ல் பெண்களுக்கான வேட் டிராபியை வாங்கினார். ஆனால், நைஸ்மித்தும் உடனும் அவர் காலத்தில் பெண்களுக்குக் கிடையாது. பிறகு 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியின் கேப்டன் ஆனார். ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியில் ஆடிய முதல் பெண்ணும் அவர்தான்.

பேர்ல் மூரின் கதை இன்னும் மோசம். பிரான்சிஸ் மேரியன் என்ற சிறிய கல்லூரியின் நட்சத்திரம். கல்லூரி ஆட்டங்களில் அவர் எடுத்த மொத்தப் புள்ளிகள் 4,061. கிளார்க்கின 3,951-ஐவிட அதிகம்! 1979-ல் கல்லூரி ஆட்டத்தை முடித்த அவருக்கு நைஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமின் கதவு திறந்தது 2021-ல்தான். 42 வருடக் காத்திருப்பு.

புள்ளிகளை அளவுகோலாக்கினாலும் இதே தலைவலிதான். ஆண்கள் பிரிவில் பீட் மாராவிச் எல்எஸ்யு அணிக்காக எடுத்த 3,667 புள்ளிகளை 2024 மார்ச் 3-ல் கிளார்க் தாண்டினார். மாராவிச் ஆடியது மூன்று சீசன், 83 ஆட்டங்கள். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. மூன்று புள்ளிக் கோடும் அப்போது கிடையாது. கிளார்க் ஆடியது நான்கு சீசன், 139 ஆட்டங்கள். இருவரில் யார் பெரியவர் என்று ரசிகர்கள் விடிய விடியப் பேசலாம். முடிவு மட்டும் கிடைக்காது.

சரி, கோப்பையை வைத்துப் பார்ப்போமா? அத்தனை புள்ளி எடுத்த மாராவிச் என்சிஏஏ தேசியப் போட்டித் தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. இன்று எல்எஸ்யு அரங்கத்துக்கே அவர் பெயர்தான்.

அந்த இறுதிப் போட்டி சொன்னது

2024 ஏப்ரலில் நடந்த பெண்கள் இறுதிப் போட்டியை அமெரிக்காவில் சுமார் 1.89 கோடி பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தவர்கள் சுமார் 1.48 கோடி. பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தை இப்படி முந்தியதில் கிளார்க்கின் பங்கு பெரியது.

அன்று முதல் கால்பகுதியிலேயே கிளார்க் 18 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடியும்போது 30. ஆனாலும், சவுத் கரோலினா 87-75 என்று ஜெயித்தது. 38 ஆட்டம், 38 வெற்றி. அந்த அணியில் அன்று அதிகப் புள்ளி எடுத்தவர் யார் தெரியுமா? பெஞ்சிலிருந்து இறங்கிய முதலாண்டு மாணவி டெஸா ஜான்சன், 19 புள்ளிகள். சவுத் கரோலினாவின் மாற்று வீராங்கனைகள் சேர்ந்து 37 புள்ளிகள் எடுத்தார்கள். அயோவாவின் மாற்று வீராங்கனைகள் எடுத்தது பூஜ்யம். ரீபவுண்ட் கணக்கு 51-29.

நாட்டின் சிறந்த வீராங்கனை ஒரு பக்கம், நாட்டின் சிறந்த அணி இன்னொரு பக்கம். ஜெயித்த பிறகு சவுத் கரோலினா கோச் டான் ஸ்டேலி, இந்த விளையாட்டையே உயர்த்தியதற்காகக் கிளார்க்குக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். தோற்ற அணியின் வீராங்கனைக்கு ஜெயித்த கோச் சொன்ன நன்றி அது. கிளார்க்கின் ஜெர்ஸி ஏன் சுவரில் இருக்க வேண்டும் என்பதற்கு, விருதுப் பட்டியலைவிட இது வலுவான காரணம்.

அதே அயோவா அணியின் கேப்டன் கேட் மார்ட்டின். ஆறு வருடம் அந்தக் கல்லூரியில் இருந்தவர். தடுப்பது, ரீபவுண்ட் எடுப்பது, கிளார்க்குக்கு இடம் உருவாக்கிக் கொடுப்பது எனப் பெயர் வராத வேலைகளைச் செய்தவர். 2024 ஏப்ரலில் டபிள்யூஎன்பிஏ டிராஃப்ட் நடந்தபோது மேடை விருந்தினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தோழிக்குக் கைதட்டலாம் என்று பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். 18-வது தேர்வாக லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி அவர் பெயரை அறிவித்தது. கூட்டத்திலிருந்து எழுந்து மேடைக்கு நடந்தார்!

ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுப் பட்டியலில் தேடினால் கேட் மார்ட்டின் கிடைக்க மாட்டார். ஆனால், அவர் இல்லாத அயோவாவை அந்த ஊர் ரசிகர்களால் நினைத்துப் பார்க்க முடியாது.

ஐந்து பொம்மைகள்

ஆக, இரண்டு கேள்விகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. 'இந்த வருடம் யார் நன்றாக ஆடினார்?' என்று கேட்பது விருது. அதற்கு விடை சொல்ல ஒரு சீசன் போதும். 'இந்தக் கல்லூரி யாரை மறக்கக் கூடாது?' என்று கேட்பது சுவர். அதற்கு விடை சொல்லச் சில சமயம் 40 வருடம்கூட ஆகலாம். முதல் கேள்வியின் விடையை இரண்டாவது கேள்விக்கு அப்படியே காப்பி அடித்தால் உடார்டுகளும் மூர்களும் மார்ட்டின்களும் விடுபட்டுப்போவார்கள்.

இன்றைய நிலைமையில் இது இன்னும் அவசரமான விஷயம். டியூக்கின் கூப்பர் ஃபிளாக் 2025-ல் முதலாண்டிலேயே நைஸ்மித், உடன் இரண்டையும் வாங்கிவிட்டு என்பிஏ-வுக்குப் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறும் வீரர்களும் பெருகிவிட்டார்கள். ஒரே வருடம் தங்கியவரின் ஜெர்ஸி ஏறுவதும், ஆறு வருடம் உழைத்தவரின் பெயர் மறைவதும் நியாயமா என்பதைக் கல்லூரிகள்தான் யோசிக்க வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. நார்த் கரோலினாவும் கன்சாஸும் செய்வதுபோல, ஜெர்ஸியைத் தொங்கவிட்டு எண்ணை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால், '22-ஐ யார் போட்டிருந்தார் தெரியுமா?' என்று புதிதாக வரும் பெண்ணிடம் ஒவ்வொரு சீசனும் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெட்டியில் பூட்டிய எண்ணுக்கு அந்தப் பேச்சு கிடைக்காது. புள்ளிக் கணக்கில் வராத கேப்டன்களுக்கும் சாம்பியன் அணிகளுக்கும் அதே சுவரில் ஓர் ஓரம் ஒதுக்கலாம். அதற்குத் துணி ஒரு முழம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

உடன் விருதின் கோப்பையைப் பார்த்திருக்கிறீர்களா? யுசிஎல்ஏ-வுக்குப் பத்து தேசியக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்த கோச் ஜான் உடனின் பெயரில் வழங்கப்படுவது. ஒரே ஒருவருக்குக் கொடுக்கும் அந்தக் கோப்பையில் ஐந்து வெண்கல உருவங்கள் இருக்கின்றன. ஒன்று பந்தைக் கூடையில் போடுகிறது. மற்ற நான்கும் பாஸ் கொடுப்பது, பந்தைத் தட்டிக்கொண்டு போவது, ரீபவுண்ட் எடுப்பது, தடுப்பது.

புள்ளி எடுப்பது அந்த ஐந்தில் ஒன்றுதான். சுவரில் அடுத்த ஜெர்ஸியை ஏற்றுவதற்கு முன், கல்லூரிகள் அந்தக் கோப்பையை ஒருமுறை உற்றுப் பார்த்தால் நல்லது.