ஆயுதம் வாங்கப் படிப்பித்தல்

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழுவன நூலகமும் விரிவுரை மண்டபமும் தயக்கமற்ற விவாதமுமே. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வேர்ஜீனியா மாநிலத்திலே, போட் பெல்வோயர் படைத்தளத்தில், அதே பெயரைத் தாங்கிய வேறொரு நிறுவனம் உண்டு. பாதுகாப்புக் கொள்வனவுப் பல்கலைக்கழகம் என்று அதற்குப் பெயரிட்டனர். இலக்கியமும் தத்துவமும் அங்கே பாடங்கள் அல்ல. விமானமும் ஏவுகணையும் போர்க்கப்பலும் அரசுக்காக வாங்கும் உத்தியோகத்தரைப் பயிற்றுவதே அதன் தொழில்.

கேள்விப்பத்திரம் கோருவது எப்படி, நிலைத்த விலைக்கு ஒப்பந்தம் செய்வது எப்போது, செலவானதைக் கொடுத்து அதன்மேல் இலாபமும் கொடுப்பது எப்போது, ஆயுதம் ஒன்றின் ஆயுட்காலச் செலவை எங்ஙனம் மதிப்பிடுவது என்பன அதன் பாடவிதானத்தில் அடங்கும். சான்றிதழ் பெற்றவரும் ஈராண்டுக்கு ஒருமுறை 80 மணி நேரத்துக்கு ஈடான தொடர்கல்வி பெற்றாக வேண்டும். ஆசிரியராகிய நாம் இதனை எள்ளி நகையாடோம். பொதுப்பணத்தைச் செலவிடுபவன் கணக்கறிந்தவனாக இருத்தல் நன்றே. நம் ஐயம் வேறு.

எந்த நோய்க்கு இந்த மருந்து? வரலாற்றைச் சற்றே நோக்குவோம். பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளராக இருந்தவரும் ஹியூலெற் பக்காட் கம்பனியின் தாபகருள் ஒருவருமான டேவிட் பக்காட்டின் முயற்சியால், 1971இல் ஆயுதத் திட்ட முகாமையாளருக்கென ஒரு பாடசாலை திறக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் ஊழல் நாற்றம் ஊரெங்கும் வீசிற்று. 435 டொலருக்கு ஒரு சுத்தியல் வாங்கிய கதையைக் கேட்டு அமெரிக்கா சிரித்தது. (உண்மையில் அவ்விலை, கம்பனியின் மேற்செலவைப் பெரியது சிறியது பாராது எல்லாப் பொருள்களின் மீதும் ஏற்றிய கணக்குமுறையின் விளைவு. சுத்தியலைப் பார்த்துச் சிரித்தவர்கள் அதே கணக்கில் மறைந்திருந்த விமானத்தைப் பார்க்கவில்லை.) றேகன் நியமித்த ஆணைக்குழு, அதே பக்காட்டின் தலைமையில், 1986இல் அறிக்கை தந்தது. 1990இல் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் பிள்ளையே இப்பல்கலைக்கழகம். கொள்வனவு உத்தியோகத்தருக்குப் பயிற்சி போதாது என்பதே சட்டம் இயற்றியோர் கண்ட நோய்.

இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். கடற்படையின் உதவிச் செயலாளராக இருந்த மெல்வின் பெய்ஸ்லி, 1988இல் அம்பலமான கொள்வனவு ஊழலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1991இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் அறியாமையாலா கையூட்டு வாங்கினார்? போயிங் கம்பனியில் உயர்பதவி வகித்துவிட்டு அரசுக்கு வந்தவர் அவர். வாங்குவோன், விற்போன் இருவர் கலையையும் அறிந்தவர். சட்டமும் பல்கலைக்கழகமும் தோன்றிய பின்பு நடந்ததைப் பாருங்கள். வான்படையின் கொள்வனவுப் பிரிவில் உச்சப் பதவிகளுள் ஒன்றை வகித்த டார்லீன் டிறூயன், 100 எரிபொருள் விமானங்களைப் போயிங்கிடம் குத்தகைக்குப் பெறும் பேரத்தை நடத்திக்கொண்டிருந்த வேளையிலேயே அக்கம்பனியில் தமக்கு உத்தியோகமும் பேசிக்கொண்டார். 2004இல் ஒன்பது மாதச் சிறை. பல்லாண்டு அனுபவம் மிக்க அந்த அம்மையாருக்கு எந்தப் பாடநெறியை நாம் பரிந்துரைப்பது?

இவை தனிமனிதர் பிழைகள் என்பாருமுளர். அவர்களுக்கு ஓர் இலக்கம் கூறுவோம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான கணக்காய்வு அலுவலகம் 2008இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2006இல் 52 ஆயுத ஒப்பந்தக் கம்பனிகளில் பணியாற்றிய முன்னாள் உயரதிகாரிகளும் கொள்வனவு உத்தியோகத்தரும் 2,435 பேர். அவர்களிற் பெரும்பாலோர் சட்டத்தை மீறியவரல்லர் என்பதே நம்மைத் திடுக்கிடச் செய்வது. மக்களின் வரிப்பணத்தில் அரசு பயிற்றுகிறது. பயின்றவனை முதலாளி விலைக்கு வாங்குகிறான். நேற்று அரசின் பக்கத்தில் இருந்து விலை குறைக்கப் பயின்றவன், இன்று எதிர்ப்பக்கத்தில் இருந்து விலை கூட்டுகிறான். நாளை எங்கே அமரப்போகிறோம் என்று எண்ணுபவன் இன்று எவ்வளவு கடுமையாகப் பேரம் பேசுவான்?

நேர்மையாளர்கள் அங்கே இல்லையா? நிறைய உளர். அவர்களின் கணக்குக்கு நேர்வது என்ன என்பதற்குச் சென்ரினல் ஏவுகணைத் திட்டம் சான்று. அதன் மதிப்பீடு 81 வீதம் உயர்ந்து 14,090 கோடி டொலரைத் தொட்டது. இவ்வாறு விலை மிஞ்சிய திட்டம், இன்றியமையாதது எனச் சான்றளிக்கப்படாவிடின் நிறுத்தப்பட வேண்டும் என்பது 1982இல் வந்த விதி. 2024 யூலையில் பென்டகன் சான்றளித்தது, திட்டம் தொடர்ந்தது. எப் 35 விமானத்தைப் பராமரிக்கும் செலவு 2018இல் ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் கோடி டொலர் என்றிருந்த மதிப்பீடு, ஐந்தே ஆண்டில் ஒரு இலட்சத்து 58 ஆயிரம் கோடியாயிற்று. அதன் உறுப்புகள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் செய்யப்படுகின்றன. தன் தொகுதித் தொழிற்சாலையை மூடச் சொல்லி எந்தப் பிரதிநிதி கையுயர்த்துவான்? எவ்வளவு உயர்ந்தது என்று அளக்கப் பயின்றவன் அளந்து கொடுக்கிறான். வேண்டுமா என்ற வினாவோ அவன் வினாத்தாளிலேயே இல்லை. அதற்கு விடையளிப்போர் வேறிடத்தில் இருக்கின்றனர்.

பயிற்சியும் இல்லாவிடின் கேடு இன்னும் பெருகாதா என்று நண்பர் சிலர் கேட்பர். பெருகும். ஆகவே பாடசாலையை மூடு என்று நாம் கூறவில்லை. நோயை மறைக்க அதனைத் திரையாகப் பிடிக்காதே என்கிறோம்.

2025 நவம்பரில் இப்பல்கலைக்கழகத்தைப் போர்க் கொள்வனவுப் பல்கலைக்கழகமாக மாற்றப்போவதாக அறிவித்தனர். விரைந்து வாங்குவதே இனிக் குறிக்கோளாம். பெரிய ஒப்பந்தத்தில் பங்குகொண்ட உத்தியோகத்தர் அக்கம்பனியிடம் ஓராண்டுக்கு ஊதியம் பெறலாகாது என்னும் சட்டத்தைப் பற்றியல்லவா அவர்கள் பேசியிருக்க வேண்டும்? அதே கம்பனியின் வேறொரு பிரிவு, அதே வகைப் பொருளைச் செய்யாதாயின், மறுநாளே அவரைச் சேர்த்துக்கொள்ள அச்சட்டம் இடந்தருகிறது. அந்த ஓராண்டைப் பத்தாண்டாக்குக; அந்த வேறொரு பிரிவு என்னும் வாயிலை அடைத்திடுக. அதன்பின் பாடநெறிகளைப் பற்றிப் பேச நாமும் ஆயத்தம்.