டெஸ்லா டர்பைனை யாரும் புதைக்கவில்லை

நிக்கோலா டெஸ்லாவின் பெயரை எடுத்தாலே கூடவே ஒரு சதிக்கதையும் வந்துவிடுகிறது. பிளேடே இல்லாத ஒரு டர்பைனை அவர் கண்டுபிடித்தார். அதன் செயல்திறன் 95 விழுக்காடு. பெட்ரோல் இன்ஜினும் நீராவி டர்பைனும் அதன் கால்தூசுக்கு வராது. எண்ணெய்க் கம்பெனிகளும் மின்சாரக் கம்பெனிகளும் சேர்ந்து அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டன. யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஓயாமல் சுற்றும் இந்தக் கதையைப் பொறியியல் படித்தவர்களே நம்புகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கதை தவறு. அந்த டர்பைனை வீழ்த்தியது எந்த முதலாளியும் இல்லை. அதை ஓட்டுகிற உராய்வேதான்.

டெஸ்லா 1909இல் விண்ணப்பித்து 1913 மே 6இல் காப்புரிமை பெற்ற அந்த இயந்திரம் அழகானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஓர் அச்சில் மெல்லிய வட்டத் தட்டுகள் மிகக் குறுகிய இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கும். நீராவி விளிம்பில் நுழைந்து, தட்டுகளுக்கு நடுவே சுருளாகச் சுற்றியபடி உள்நோக்கி வந்து, மையத்துத் துளைகள் வழியே வெளியேறும். வரும் வழியில் தட்டுகளைத் தன்னோடு இழுத்துச் சுழற்றும். பாய்பொருள் ஒரு பரப்பை ஒட்டி ஓடும்போது உருவாகும் எல்லைப் படலத்தைப் பற்றி ஜெர்மனியில் பிராண்டில் 1904இல்தான் கோட்பாடு சொல்லியிருந்தார். அதே நிகழ்வை ஐந்தே ஆண்டுகளில் ஓர் இயந்திரமாக யோசித்தது பெரிய மூளைதான்.

ஆனால் அந்த இழுவையிலேயே சிக்கலும் இருக்கிறது. பிளேடு உள்ள டர்பைனில் பிளேடின் ஒரு பக்கம் அழுத்தம் கூடுதல், மறுபக்கம் குறைவு. அந்த வேறுபாடுதான் தள்ளுகிறது. அங்கே உராய்வு வெறும் இழப்பு. அதை எவ்வளவு குறைத்தாலும் தள்ளும் விசை குறையாது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிளேடின் வளைவையும் பளபளப்பையும் மெருகேற்றி மெருகேற்றிச் செயல்திறனை உயர்த்த முடிந்தது இதனால்தான். தட்டு டர்பைனில் உராய்வே விசை. நீராவி தட்டைவிட வேகமாக ஓடினால்தான் இழுவை உண்டு. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் இழுவை பூஜ்யம். அந்த வேக வேறுபாடு எவ்வளவோ, அந்த அளவுக்கு ஆற்றல் வெப்பமாகிப் போகிறது.

தோராயமாகக் கணக்குப் போடலாம். நீராவியின் வேகத்தில் பாதி வேகத்தில் தட்டு ஓடினால் இழுவை நன்றாகக் கிடைக்கும். ஆனால் மாற வேண்டிய ஆற்றலில் பாதி சூடாகிவிடும். தட்டை நீராவியின் வேகத்தில் 95 விழுக்காட்டுக்கு ஓடவிட்டால் இழப்பு வெறும் 5. இழுவையோ முன்பு இருந்ததில் பத்தில் ஒன்று. பழைய திருப்புவிசை வேண்டுமென்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு தட்டுப் பரப்பு வேண்டும். செயல்திறனைக் கேட்டால் இயந்திரம் பெருக்கிறது, இயந்திரத்தைச் சிறிதாக்கினால் செயல்திறன் போய்விடுகிறது. “அன்று நல்ல எஃகு இல்லை, இன்று கார்பன் ஃபைபர் இருக்கிறதே” என்பவர்களுக்கும் இதுதான் பதில். தட்டை எதில் செய்தாலும் உராய்வின் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் 95 விழுக்காடு எங்கிருந்து வந்தது? டெஸ்லாவே இன்னும் பெரிய எண்களைச் சொன்னதுண்டு. அதைவிடக் கெட்டியான ஆதாரமாகக் காட்டப்படுபவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இந்த இயந்திரத்தை நெடுங்காலம் ஆராய்ந்த வாரன் ரைஸ். தட்டுகளுக்கு நடுவே பாய்வு சீராக இருந்து, மிகக் குறைந்த அளவே பாய்ந்தால் சுழலியின், அதாவது தட்டுகள் அடுக்கிய அச்சின், செயல்திறன் 95 விழுக்காட்டைத் தாண்டலாம் என்று அவர் சொன்னது உண்மை. அது சுழலி மட்டும். நீராவியை நாசில் வழியாக அந்தக் குறுகிய இடுக்குகளுக்குள் அனுப்பும்போது ஓர் இழப்பு. சுழன்றபடியே வந்து மையத்தில் திரும்பி வெளியேறும்போது இன்னோர் இழப்பு. இவை சுழலியின் கணக்கில் வராது. காற்றில் ஓட்டி அவர் 1965இல் வெளியிட்ட சோதனைகளில் முழு இயந்திரத்தின் செயல்திறன் 40 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. ஒரே ஆய்வாளரின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு மறு வரியை மறைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு குழப்பம் இதைவிட மோசம். டர்பைனின் செயல்திறனையும் வெப்ப இயந்திரத்தின் செயல்திறனையும் ஒன்றாக்கி, “கார் இன்ஜின் 30, டெஸ்லா 95” என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். 600 டிகிரி செல்சியஸ் நீராவியை எடுத்து 30 டிகிரியில் வெப்பத்தை வெளிவிடும் எந்த இயந்திரமும், அது பிளேடோ தட்டோ, 65 விழுக்காட்டுக்கு மேல் தர முடியாது. கார்னோ 1824இல் காட்டிய எல்லை அது. பிரான்சின் பூஷேன் நிலையத்தில் 2016இல் எரிவாயு டர்பைனையும் நீராவி டர்பைனையும் இணைத்து 62.22 விழுக்காட்டை எட்டியபோது அது உலக சாதனை. கப்பல்களின் மெதுவேக டீசல் இன்ஜின் 50ஐத் தாண்டுகிறது. தட்டு டர்பைனின் எண்ணை நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் பெரிய மின்நிலையங்களின் பிளேடு டர்பைனோடுதான் ஒப்பிட வேண்டும். அது 90 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சதிக்கு வருவோம். 1911இல் டெஸ்லா தன் டர்பைன்களைச் சோதித்தது நியூயார்க்கின் வாட்டர்சைடு மின்நிலையத்தில். அதற்கு நீராவி கொடுத்தது நியூயார்க் எடிசன் கம்பெனி! ஒடுக்கியவர்கள் என்று எந்த வட்டாரத்தைச் சொல்கிறார்களோ, அதுவே கதவைத் திறந்துவிட்டது. 18 அங்குல விட்டமுள்ள 25 தட்டுகள், நிமிடத்துக்கு 9,000 சுற்று, 200 குதிரைத்திறன். அவ்வளவு சிறிய பொருளில் அவ்வளவு திறன் அன்றைக்குப் பெரும் சாதனை. ஆனால் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் அந்த ஆண்டு பாராட்டி எழுதிய கட்டுரையிலேயே எண்களும் இருக்கின்றன: ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 38 பவுண்டு நீராவி, ஒவ்வொரு பவுண்டிலும் 130 பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்ப இறக்கம். பெருக்கிப் பார்த்தால் 4,940 பி.டி.யு. ஒரு குதிரைத்திறன்-மணி என்பது 2,545. விடை 52 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ஆதரவாளர்களின் எண்களே இவை.

பிறகு மில்வாக்கியின் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி பெரிய அளவில் கட்டிப் பார்த்தது. செயல்திறன் 40க்குக் கீழே நின்றது, தட்டுகள் உருக்குலைந்தன, டெஸ்லா மனக்கசப்போடு விலகினார். 18 அங்குலத் தட்டு 9,000 சுற்றில் ஓடும்போதே விளிம்பு நொடிக்கு 215 மீட்டர் வேகத்தில் பறக்கிறது. மெல்லிய தகடு அதைத் தாங்கி வெப்பத்தையும் தாங்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் மின்னாக்கிக்கு 3,600 சுற்றுக்கு மேல் ஆகாது என்பதால் நடுவே கியரும் வேண்டும். இதே டெஸ்லாவின் மாறுமின்னோட்ட மோட்டாரை எடிசன் தரப்பு முழுமூச்சாக எதிர்த்தது. அந்த மோட்டார் உலகையே பிடித்தது, ஏனென்றால் அது நன்றாக ஓடியது.

இந்தத் தட்டுகளுக்கு உரிய இடம் இல்லாமல் இல்லை. சேறும் மணலும் கலந்த குழம்பை இறைக்கும் தட்டு பம்புகள் விற்பனையில் இருக்கின்றன. பிளேடு தேய்ந்துபோகும் இடத்தில் இவை தாக்குப்பிடிக்கின்றன. மென்மையாகத் தள்ளுவதால் இரத்த பம்புக்கும் ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். மிகச் சிறிய டர்பைன்களில் பிளேடு நுனிக்கும் உறைக்கும் இடையே கசிவு பெரிதாகி, பிளேடின் மேன்மை தேய்கிறது. அங்கே தட்டு போட்டிக்கு வரலாம் என்று ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தினர் வீணாகும் வெப்பத்தில் ஓடும் சிறு இயந்திரங்களுக்காக ஆராய்கிறார்கள். டெஸ்லாவின் யோசனைக்கு உண்மையான மரியாதை இந்த வேலைதான்.

சிடிக்களையும் பழைய ஹார்டுடிஸ்க் தட்டுகளையும் அடுக்கி, கம்ப்ரஸர் காற்றை ஊதி, ஆயிரக்கணக்கான சுற்றில் சுழலவிட்டுக் கைதட்டு வாங்கும் மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களைத்தான் கேட்கிறேன். சுமையே இல்லாமல் சுழலும் வேகம் செயல்திறன் ஆகாது. அச்சில் பிரேக் போட்டுத் திருப்புவிசையை அளக்கச் சொல்லுங்கள். உள்ளே போன காற்றின் அளவையும் அழுத்தத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு அட்டவணைகளும் இல்லாத புராஜெக்ட் அறிக்கையில் 95 விழுக்காடு என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுங்கள்.